மாணவர் நிரல் ஆய்வகத்தைத் தாண்டட்டும்: குமரி மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,



ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, மேல்நிலைப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கலைக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சி, சி++ சொல்லிக் கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விண்டோஸ் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். உங்களிடம் படித்துவிட்டு வருகிறவர்களோடுதான் தினமும் வேலை செய்கிறேன். அவர்களுக்கு ஃபார் லூப் தெரிகிறது, பாயிண்டர் தெரிகிறது, இன்ஹெரிட்டன்ஸ் தெரிகிறது. ஆனால் தான் எழுதிய நிரலை இன்னொருவர் கணினியில் ஓட்டிக் காட்டிய பிள்ளைகள் அபூர்வம். அந்த ஒரு குறையைப் பற்றித்தான் இந்த மடல். அதைத் தீர்க்கிற கருவி உங்கள் பாடநூலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் 14-ஆம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் நிரலிலிருந்து ஒரு சி++ நிரலை இயக்குவது எப்படி என்பது பாடம். அதற்காக மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்ற கம்பைலர் தொகுப்பைப் பாடம் அறிமுகம் செய்கிறது. பைத்தான் நிரல் ஜி++-ஐ அழைக்கும். ஜி++ சி++ கோப்பைக் கம்பைல் செய்து ஒரு எக்ஸி கோப்பைத் தரும். பைத்தான் அதை ஓட்டும். விடை திரையில் வரும். செய்முறைத் தேர்வுக்கு அவ்வளவு போதும். மாணவர்கள் வரிகளை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். நடுவில் உண்டான அந்த எக்ஸி கோப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரியாக லிங்க் செய்தால் அது பைத்தான் இல்லாமலே, ஜி++ இல்லாமலே, வேறொரு விண்டோஸ் கணினியில் ஓடக்கூடிய முழு மென்பொருள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் அந்தப் பாடத்தின் மதிப்பே வேறாகிவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் டெவ்-சி++ படிக்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இதே மின்ஜிடபிள்யூ குடும்பக் கம்பைலர்தான். டெவ்-சி++ என்பது எழுதுகிற ஜன்னல். கம்பைல் செய்வது உள்ளே இருக்கிற ஜிசிசி; அதன் சி++ கட்டளைதான் ஜி++. டெவ்-சி++ நிறுவிய ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் மின்ஜிடபிள்யூ64 என்ற ஃபோல்டரைத் திறந்து, பின் என்ற ஃபோல்டரில் ஜி++ உட்கார்ந்திருப்பதை ஒருமுறை வகுப்பில் காட்டுங்கள். பதினொன்றில் படித்ததும் பன்னிரண்டில் படித்ததும் ஒரே கருவி என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரியும்.

இப்படி இரண்டு வருடம் பழகிய மாணவர் கல்லூரிக்கு வருகிறார். சில கல்லூரி ஆய்வகங்களில் இன்னமும் டாஸ்பாக்ஸைத் திறந்து, அதற்குள் டர்போ சி++ நீலத் திரையைத் திறந்து, கிளியர் ஸ்கிரீனில் தொடங்கி கெட்-சிஹெச்சில் முடிக்கச் சொல்கிறார்கள். பள்ளியில் கற்ற நேம்ஸ்பேஸை அங்கே மறக்க வேண்டியிருக்கிறது. டர்போ சி++ போர்லாண்ட் நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-ல். தரம் வருவதற்கு எட்டு ஆண்டு முந்தைய கருவியில், இன்றைய மொழியைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை எடை போட்டு, அதிலுள்ள உலர் ரப்பரின் அளவான டிஆர்சி எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். 42 கிலோ பால், டிஆர்சி 34 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 14.28 கிலோ. கிலோ 190 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விவசாயிக்குச் சேர வேண்டியது 2,713 ரூபாய் 20 காசு. காசுக் கணக்கில் பிசகு வரக் கூடாது என்று கருதுகிற நல்ல மாணவர் தொகையைப் பைசாவாக மாற்றி, 2,71,320 என்று ஒரு இன்ட் மாறியில் வைப்பார். டர்போ சி++-ல் இன்ட் 16 பிட்தான். அதில் அடங்குகிற பெரிய எண் 32,767. ஆகவே அந்த மாறியில் மிஞ்சுவது 9,176. திரையில் வரும் தொகை 91 ரூபாய் 76 காசு. நிரல் நின்றுபோகாது, ஓடுகிறபோது பிழைச் செய்தியும் வராது. பார்ப்பதற்குச் சரியான தொகை போலவே இருக்கும். அதே வரிகளை இன்றைய ஜி++-ல் ஓட்டினால் இன்ட் 32 பிட். 2,14,74,83,647 வரை தாங்கும். தொகை சரியாக வரும்.

லாங் போட்டால் டர்போவிலும் சரியாக வருமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. டர்போ சி++ தருவது 16-பிட் டாஸ் நிரல். 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. அதனால்தான் ஆய்வகத்திலேயே டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது. மாணவர் அந்த எக்ஸியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு குலசேகரத்து ரப்பர் கடைக்குப் போனால் அங்கே இருக்கிற கணினியில் அது திறக்காது. ஒரு பருவம் முழுக்க எழுதிய நிரல்களில் ஒன்றையும் அப்பாவுக்கோ, கடை வைத்திருக்கும் மாமாவுக்கோ காட்ட முடியாத பிள்ளைக்கு, மென்பொருள் என்பது வேறு யாரோ வேறு எங்கோ செய்வது என்ற எண்ணம்தான் மனதில் படியும். என் கவலையெல்லாம் அதுதான்.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் சி கம்பைலரான ஜிசிசி 1987-ல் வெளியானது. அது யூனிக்ஸ் கணினிகளுக்காகப் பிறந்தது. 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் அதை விண்டோஸுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார், அதுவே சிக்வின். சிக்வினில் செய்த நிரல் ஓட வேண்டுமென்றால் சிக்வினின் டிஎல்எல் கோப்பும் கூடவே போக வேண்டும். 1998-ல் காலின் பீட்டர்ஸ் அந்தச் சார்பை நீக்கி, விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற நூலகங்களைக் கொண்டே நிரல் ஓடும்படி மின்ஜிடபிள்யூவை உருவாக்கினார். பிறகு 64-பிட் விண்டோஸ் பரவியபோது காய் டீட்ஸ் முன்னின்று தொடங்கிய மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 அந்த இடத்தை நிரப்பியது. நம் பாடநூலில் இருப்பது இந்தப் பெயர்தான். இன்று கிளாங் கம்பைலரும் இதே மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கோப்புகளோடு சேர்ந்து விண்டோஸ் மென்பொருள் தருகிறது.

இந்தக் கருவித் தொடரில், அதாவது டூல்செயினில், எது எந்த வேலையைச் செய்கிறது என்பதும் எளிதாகச் சொல்லக் கூடியதே. ஜிசிசி நம் சி++ வரிகளை அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. குனு பின்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள அசெம்பிளர் அதைப் பொருள் கோப்பாக்குகிறது. லிங்கர் எல்லாவற்றையும் கோத்து எக்ஸி ஆக்குகிறது. விண்டோஸின் ஜன்னலைத் திறப்பது, கோப்பை எழுதுவது, பிரிண்டருக்கு அனுப்புவது போன்ற வசதிகளை அழைப்பதற்கான தலைப்புக் கோப்புகளையும் இணைப்பு நூலகங்களையும் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 தருகிறது. கிடைத்த எக்ஸியை ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் இரண்டு எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எம், இசட் என்று இருக்கும். டாஸ் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தரும் எக்ஸியிலும் அதே எழுத்துகள்தான். இலவசக் கருவியில் செய்தது என்பதால் விண்டோஸ் அதை வேறாக நடத்துவதில்லை.

இது படிப்புக்காக மட்டும் இருக்கிற கருவி என்று யாராவது நினைத்தால், அவர்கள் வீட்டுக் கணினியில் உள்ள விஎல்சி பிளேயரைக் காட்டுங்கள். விண்டோஸுக்கான விஎல்சி, லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கொண்டு கம்பைல் செய்யப்படுகிறது. படம் திருத்தும் கிம்ப், புள்ளியியல் துறையினர் பயன்படுத்தும் ஆர் ஆகியவற்றின் விண்டோஸ் பதிப்புகளும் இதே குடும்பக் கருவிகளில் உருவாகின்றன. விண்டோஸுக்கான கிட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். தமிழில் தட்டச்சு செய்ய நம்மில் பலர் பயன்படுத்திய இ-கலப்பையை தமிழா குழுவினர் பிற்பாடு சி++-லும் க்யூட்டி நூலகத்திலும் எழுதி, மூலநிரலைத் திறந்து வெளியிட்டார்கள். உங்கள் மாணவர் கற்கிற மொழியிலேயே, தமிழருக்கென்று ஒரு விண்டோஸ் மென்பொருள் பிறந்திருக்கிறது. இதைவிட நல்ல உதாரணம் வகுப்புக்குக் கிடைக்காது.

சரி, வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோவது? என் அனுபவத்தில் மாணவர்கள் தடுக்கி நிற்கிற இடங்கள் சில உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

முதல் இடம், நிறுவுவது. ஜி++ என்று தட்டியதும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் சொல்லும். கம்பைலர் இருக்கிற ஃபோல்டரைப் பாத் மாறியில் சேர்க்காததே காரணம். ஆய்வகக் கணினியில் அட்மின் பாஸ்வேர்டு இல்லையென்றால் அதையும் சேர்க்க முடியாமல் பிள்ளைகள் தவிப்பார்கள். டபிள்யூ64டெவ்கிட் என்ற தொகுப்பு இதற்கு வழி செய்கிறது. அதை நிறுவவே வேண்டாம். பென்டிரைவில் பிரித்து வைத்து, அதிலிருந்தே திறந்து வேலை செய்யலாம். இணையம் மெதுவாக வருகிற மலையோரப் பள்ளியில்கூட ஆசிரியர் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பு முழுவதற்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். நகல் எடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியான செயல் என்பதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கிராக் செய்த மென்பொருளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, உரிமத்தோடு இலவசமாகக் கிடைப்பதற்கும் திருடி எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் கற்பிக்கிற இடம் உங்கள் ஆய்வகமாக இருக்கட்டும்.

இரண்டாவது இடம், இன்னொரு கணினி. இதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வலியுறுத்துவேன். எம்எஸ்ஒய்எஸ்2 வழியாகப் புதிய ஜி++ நிறுவி, ஒரு நிரலைக் கம்பைல் செய்கிறோம். ஆய்வகத்தில் அழகாக ஓடுகிறது. பக்கத்து அறைக் கணினிக்கு எடுத்துப் போனால், லிப்எஸ்டிடிசி++-6 என்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மாணவர் அந்தக் கோப்பை இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குவார். அது ஆபத்து. அதற்குப் பதிலாக ஆப்ஜ்டம்ப் என்ற கருவியை அந்த எக்ஸியின் மேல் ஓட்டிக் காட்டுங்கள். அந்த நிரல் எந்தெந்த டிஎல்எல்களை நம்பியிருக்கிறது என்ற பட்டியலை அது தரும். கெர்னல்32 விண்டோஸோடு வருவது. எல்லாக் கணினியிலும் இருக்கும். லிப்எஸ்டிடிசி++, லிப்ஜிசிசி, லிப்வின்பித்ரெட் மூன்றும் கம்பைலரோடு வருபவை. கடைக்காரர் கணினியில் இருக்காது. லிங்க் செய்யும்போது ஸ்டேட்டிக் என்ற ஃபிளாக்கைச் சேர்த்தால் இந்த மூன்றும் எக்ஸிக்குள்ளேயே வந்துவிடும். கல்யாண வீட்டுக்குச் சமைக்க வருகிறவர் கரண்டி, உருளி எல்லாவற்றையும் தானே கொண்டுவந்துவிடுவது போலத்தான். கோப்பு கொஞ்சம் பெருக்கும். போகிற இடத்தில் எதையும் கேட்காது. பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தால் விண்டோஸின் சொந்த டிஎல்எல்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த ஒரு மணி நேரச் செய்முறையில் கம்பைலர், லிங்கர், நூலகம், இயங்குதளம் நான்குக்கும் உள்ள உறவு மாணவர் மனதில் பதிந்துவிடும். பலகையில் படம் போட்டு ஒரு வாரம் விளக்கினாலும் அது இத்தனை ஆழமாகப் பதியாது.

மூன்றாவது இடம், தமிழ். கருப்புத் திரையில் தமிழை அச்சிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அதைப் பார்த்து, சி++-ல் தமிழ் வராது என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். விண்டோஸின் சொந்த ஜன்னலில் தமிழ் நன்றாகவே வரும். விண்டோஸ் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, மெசேஜ்பாக்ஸ்டபிள்யூ என்ற ஒரே ஒரு ஃபங்ஷனை அழைத்து, மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய எல் எழுத்தைப் போட்டு, உள்ளே தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எம்விண்டோஸ் என்ற ஃபிளாக்கோடு கம்பைல் செய்தால் கருப்புத் திரையே வராது; தமிழ் வரியும் ஓகே பொத்தானும் உள்ள பெட்டி மட்டும் வந்து நிற்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மூலக் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேட் ஆன்சியில்தான் சேமிக்கப் பார்க்கும்; அது காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டால் எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஐந்தாறு வரிதான் நிரல். ஆனால் தன் பெயரையும் தன் ஊர்ப் பெயரையும் தமிழில் காட்டுகிற ஒரு விண்டோஸ் மென்பொருளைத் தானே செய்த மாணவர், அடுத்த நாள் உங்களிடம் கேட்கிற கேள்விகளே வேறு தரத்தில் இருக்கும்.

நான்காவது இடம், பழைய கணினிகள். நம் மாவட்டத்தில் பல கடைகளில் பழைய 32-பிட் விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 64-பிட் எக்ஸி ஓடாது. 32-பிட்டுக்கு என்று தனிக் கம்பைலர் உண்டு. அதில் கம்பைல் செய்தால் இரண்டிலும் ஓடும். புதிய தொகுப்புகளில் பல, விண்டோஸ் 10 முதல் கூடவே வருகிற யுசிஆர்டி நூலகத்தை நம்புகின்றன. விண்டோஸ் 7-க்குப் போக வேண்டிய நிரலுக்கு எம்எஸ்விசிஆர்டி வகைத் தொகுப்பைத் தேர்ந்துகொள்வது நல்லது. யாருக்காக எழுதுகிறோமோ அவருடைய கணினியை முதலில் போய்ப் பார் என்கிற பாடத்தை மாணவர் இதில் கற்றுக்கொள்வார்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். புதிதாகக் கம்பைல் செய்த, கையெழுத்து இல்லாத எக்ஸியை விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்கிரீன் சந்தேகத்தோடு தடுக்கக்கூடும். ஆன்டிவைரஸ் சில நேரம் நல்ல நிரலையே வைரஸ் என்று தூக்கிவிடும். அப்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி யாருக்கும் கற்றுக் கொடுக்காதீர்கள். மூலநிரலையும் கூடவே கொடுப்பது, கோப்பின் ஹாஷ் எண்ணை எழுதிக் கொடுப்பது, வாங்குகிறவர் முன்னிலையில் கம்பைல் செய்து காட்டுவது ஆகியவை நேர்மையான வழிகள். இன்னொருவர் கணினிக்குள் நம் நிரலை அனுப்புவது பொறுப்பான காரியம் என்பதை மாணவர் முதல் நாளிலேயே உணர வேண்டும்.

உரிமம் பற்றி உங்களில் சிலருக்குத் தயக்கம் இருப்பதை அறிவேன். ஜிசிசி ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதில் கம்பைல் செய்த நிரலையும் இலவசமாகத்தான் கொடுக்க வேண்டுமோ என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. எக்ஸிக்குள் சேர்கிற ஜிசிசி நூலகப் பகுதிகளுக்கென்றே ஒரு விதிவிலக்கு உரிமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் எழுதிய நிரல் மாணவருடையது. விற்கலாம், திறந்தும் கொடுக்கலாம். வெளியிலிருந்து வேறு நூலகங்களைச் சேர்க்கும்போது மட்டும் அந்தந்த நூலகத்தின் உரிமத்தைப் படிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானோடு படிக்கிற எஸ்க்யூலைட் இதற்கு நல்ல தொடக்கம். அது பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது, சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலக் கோப்பை எடுத்து இதே ஜிசிசியில் கம்பைல் செய்து மாணவரின் நிரலோடு இணைத்துவிடலாம். ரப்பர் கடைக்குக் கணக்கு எழுதுகிற நிரலுக்கு அதைவிடப் பெரிய டேட்டாபேஸ் தேவையில்லை.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பும் மாணவர்களுக்கு இலவசம்தான்; அதன் டீபக்கர் மிகச் சிறப்பானது. நல்ல வேகமுள்ள கணினிகள் இருக்கிற கல்லூரிகள் அதையும் சொல்லிக் கொடுக்கட்டும். ஆனால் அது பல ஜிபி அளவு இடம் கேட்கிறது. பழைய மடிக்கணினி வைத்திருக்கிற பிள்ளைக்கு அது சுமை. ஜி++-ல் எழுதக் கற்றவர் அதே கட்டளையோடு உபுண்டுவிலும் பாஸ் லினக்ஸிலும் வேலை செய்யலாம். ஆய்வகம் முழுக்க லினக்ஸ் வைத்திருக்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம்: உபுண்டுவில் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 தொகுப்பை நிறுவினால் லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸ் எக்ஸி செய்யலாம்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை நீங்கள் வகுப்பதில்லை. வெளித்தேர்வாளர் வந்து ரெக்கார்டு நோட்டைப் பார்க்கிறார். டர்போவில் வாய்டு மெயின் என்று எழுதியே பழகிய கையேடு பல வருடமாகக் கைமாறி வருகிறது. அதை ஜி++-ல் கொடுத்தால் முதல் வரியிலேயே பிழை காட்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரம் உங்களிடம் இல்லை. அதனால்தான் பாடத்திட்டத்தை மாற்றாமலே செய்யக் கூடிய நான்கு காரியங்களை மட்டும் கேட்கிறேன்.

ஒன்று: டர்போ சி++ இன்னும் இருக்கிற ஆய்வகங்களில், அடுத்த பருவத்துக்குள் அதை எடுத்துவிட்டு, ஜி++ உள்ள ஏதேனும் ஒரு தொகுப்பை வையுங்கள். பழைய கையேட்டு நிரல்களில் மாற்ற வேண்டியவை அநேகமாகத் தலைப்புக் கோப்புப் பெயர்களும், இன்ட் மெயினும், கிளியர் ஸ்கிரீன் வரியும்தான். மாற்றுகிற வேலையை மாணவர்களுக்கே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்.

இரண்டு: பன்னிரண்டாம் வகுப்பு 14-ஆம் பாடம் நடத்துகிற அன்று, பைத்தானை மூடிவிட்டு அந்த எக்ஸியைத் தனியே ஓட்டிக் காட்டுங்கள். பிறகு ஸ்டேட்டிக் ஃபிளாக்கோடு கம்பைல் செய்து, பக்கத்துக் கணினிக்கு எடுத்துப் போய் ஓட்டிக் காட்டுங்கள்.

மூன்று: ஒவ்வொரு மாணவரும் ஒரு நிரலையாவது கல்லூரிக்கு வெளியே ஒருவருக்காக எழுதட்டும். தோவாளை பூக்கடையில் காலை விலையை எழுதி வைப்பது, குளச்சலில் படகுக்கு டீசல் கணக்கு, ஈத்தாமொழியில் தேங்காய் வெட்டுக்கூலி, ரப்பர் கடையில் பாலும் ஒட்டுப்பாலும் தனித்தனியே வரவு வைப்பது, தெருவில் நடக்கிற சீட்டுக் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். சிறியதாக இருந்தால் நல்லது. அவர் கணினியில் ஓட வேண்டும். திரையில் தமிழ் இருக்க வேண்டும்.

நான்கு: அந்த நிரலுக்கு உள் மதிப்பெண்ணில் ஒரு பங்கு கொடுங்கள். பயன்படுத்தியவர் என்ன சொன்னார், எங்கே தடுமாறினார், மாணவர் அதை எப்படித் திருத்தினார் என்று ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதுதான் என்னைப் போன்றவர்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் தேடுகிற பக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது நம் மாவட்டம்: 91.75 சதவீதம். அந்தப் படிப்பில் பெரும்பகுதி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறது. போகிறவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வீட்டை விட்டுப் போக முடியாதவர்களும், இங்கேயே இருக்க விரும்புகிறவர்களும், முக்கியமாகப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்கள் இங்கேயே மென்பொருள் எழுதிப் பிழைக்க முடியும். தேவை இருக்கிறது, நான் தினமும் அதைக் கண்ணால் பார்க்கிறேன். கருவிக்கு ஒரு ரூபாய்கூட முதலீடு வேண்டாம். தன் நிரலை இன்னொருவர் கணினியில் ஓட்டிப் பார்த்த அனுபவம் மட்டும்தான் வேண்டும். அதைக் கொடுக்கக் கூடியவர்கள் நீங்கள்தான்.

இந்தப் பருவத்திலேயே ஒரு வகுப்பில் தொடங்கிப் பாருங்கள். டூல்செயினை நிறுவவோ, பழைய கையேட்டைத் திருத்தவோ, கடைக்காரர்களிடம் மாணவர்களை அழைத்துப் போய் அறிமுகம் செய்யவோ ஆள் வேண்டுமென்றால், இந்த ஊரில் இதே தொழிலில் இருக்கிற எங்களைக் கூப்பிடுங்கள். கூலி வேண்டாம், வருகிறோம்.

அன்புடன்,
நாகர்கோவிலில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒருவன்